ஏமாளி என்றொரு சொல்

"அவனா? அவன் பெரிய போர்ட்வென்டி ஆச்சே!"

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் பேருந்துக்குக் காத்து நின்றபோது காதில் விழுந்த பேச்சு இது. பேசியவர் வழக்கறிஞர் அல்லர், காவல்துறையினரும் அல்லர். தோளிலே துண்டு, கையிலே சோற்றுத் தூக்கு – கட்டட வேலைக்குச் செல்லும் தொழிலாளத் தோழர். அவர் வாயிலே சட்டப் பிரிவின் எண் எவ்வளவு சரளமாக வந்துவிட்டது! அங்கிருந்து சற்றுத் தொலைவிலேதான் மத்திய சிறைச்சாலையின் மதில். அந்த எண்ணின் பெயரால் அம் மதிலுக்குள் அடைபட்டவர்களும் உண்டு. அந்த எண்ணுக்கு முழுத் தகுதி பெற்றிருந்தும், அம் மதிலின் ஓரமாகவே காரில் ஏறிக் குளுமை தேடி ஏற்காடு சென்றவர்களும் உண்டு!

அந்த எண்ணின் கதை சிறிது. மெக்காலே தலைமையில் 1837-இல் வரைந்து முடிக்கப்பட்டு, 1860-இல் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 420-ஆம் பிரிவு, ஒருவரை வஞ்சித்து அவர் பொருளைக் கைமாறச் செய்பவனுக்கு ஏழாண்டு வரை சிறை என்றது. வெள்ளையன் போனான், எண் போகவில்லை. 1955-இல் ராஜ் கபூர் எடுத்த இந்திப் படத்தின் பெயரிலேயே அந்த எண் ஏறி அமர்ந்தது. 2024 ஜூலை முதல் நாள் பழைய சட்டத்தை நீக்கி, பாரதிய நியாய சன்ஹிதா என்று, தமிழன் நாக்கைச் சுளுக்கவைக்கும் பெயரில் புதிய சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். வஞ்சித்தல் இப்போது 318-ஆம் பிரிவு. ஆயினும் "அவன் ஒரு முந்நூற்றுப் பதினெட்டு" என்று எவராவது சொல்லக் கேட்டீர்களா? புத்தகத்திலே எண் மாறிற்று. பேருந்து நிறுத்தத்திலே மாறவில்லை.

ஏன் மாறவில்லை? பழக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நான் நகரவில்லை. காரணம், ஏமாற்றியவனின் முகத்துக்கு நேரே விரல் நீட்டும் சொல் நம் அன்றாடப் பேச்சிலே அரிது; ஆகவே வெள்ளையன் சட்டத்திலிருந்து ஓர் எண்ணைக் கடன் வாங்கி, திருப்பித் தர மனமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? நம் வழக்குகளை எண்ணிப் பாருங்கள். நாமம் போட்டுவிட்டான். காதிலே பூச்சுற்றிவிட்டான். காது குத்திவிட்டான். தலையிலே மிளகாய் அரைத்துவிட்டான். அல்வா கொடுத்துவிட்டான். தண்ணீர் காட்டிவிட்டான். எவ்வளவு வளம்! எவ்வளவு நகைச்சுவை! ஆனால், தோழர்களே, அந்த நகைச்சுவைக்கு உடம்பைக் கொடுத்தவன் யார்? நாமம் யார் நெற்றியிலே? பூ யார் காதிலே? மிளகாய் அரைபட்டது யார் தலையிலே? ஏமாந்தவனுடைய நெற்றி, ஏமாந்தவனுடைய காது, ஏமாந்தவனுடைய தலை! அரைத்தவனின் கை அந்தப் படத்திலே தெரிவதே இல்லை. அவனைப் பற்றி ஏதேனும் சொல்லவேண்டி வந்தால், "ஆளு பலே கில்லாடி" என்கிறோம். "எத்தன்" என்று பழிச்சொல் ஒன்று இருக்கிறது. அதையும் "எத்தனுக்கு எத்தன்" என்று பட்டம்போலச் சூட்டி, போட்டியிலே யார் வென்றான் என்று வேடிக்கை பார்க்கிறோம்.

என் வகுப்பறைக்கு வாருங்கள். ஒன்பதாம் வகுப்பு. தன்வினை, பிறவினை நடத்திக்கொண்டிருந்தேன். உருண்டான் – தன்வினை. உருட்டினான் – பிறவினை. திருந்தினான் – தன்வினை. திருத்தினான் – பிறவினை. மாணவர்களை எடுத்துக்காட்டுச் சொல்லச் சொன்னேன். பின் வரிசையில் ஒருவன் எழுந்து, "ஏமாந்தான், ஏமாற்றினான்" என்றான். சரியான விடை. பாராட்டி உட்காரச் சொல்லிவிட்டுக் கரும்பலகையிலே எழுதினேன். எழுதிய பிறகு சுண்ணக்கட்டி கையிலே நின்றுவிட்டது. ஏமாந்தான் – தன்வினையாம்! அவனே செய்த வினையாம்! இலக்கணத்தின்மேல் எனக்குக் குறையில்லை. இலக்கணம் வினைச்சொல்லின் அமைப்பைச் சொல்கிறது, நீதி சொல்லவில்லை. ஆனால் தன்வினை என்றால் தலைவிதி என்று பொருள் கொண்டு பழகிய நாட்டிலே, அந்தச் சொல் வீட்டுக்குள் நுழையும்போது தீர்ப்பாகவே நுழைகிறது. "மோசம் போனேன்" என்கிறோம் – யாரோ எங்கோ தானாக நடந்து போனதுபோல! "ஏமாற்றம்" என்கிறோம். மழை வரும் என்றெண்ணி வராவிட்டாலும் ஏமாற்றம். மகள் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தை ஒருவன் வாரிக்கொண்டு ஓடினாலும் ஏமாற்றம். மேகத்துக்கும் மோசக்காரனுக்கும் ஒரே சொல்!

ஒரு பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அன்னையின் அக்காள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் குடியிருந்து, வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோத்துக் கொடுக்கும் கூலி வேலை செய்பவர். நான் கடவுள் மறுப்பாளன் என்று தெரிந்தும் என்னைச் "சாமி" என்றே கூப்பிடுபவர். சேலத்துப் பெரியவர்களின் அந்த அன்பை எந்தப் பகுத்தறிவும் மறுக்க வேண்டியதில்லை. அத்தெருவிலே ஒருவர் தீபாவளிச் சீட்டு நடத்தினார். மாதம் ஆயிரம் ரூபாய், பன்னிரண்டு மாதம், முடிவிலே தங்கக் காசு, பாத்திரம், இனிப்பு. முதல் ஆண்டு சொன்னபடி கொடுத்தார். இரண்டாம் ஆண்டும் கொடுத்தார். மூன்றாம் ஆண்டு தீபாவளி வந்தது, காசு வரவில்லை. "உங்களுக்கு மட்டும்தான் அக்கா கொஞ்சம் தள்ளிப்போச்சு, வெளியே சொல்லாதீங்க" என்றார் அவர்.

பெரியம்மா வெளியே சொல்லவில்லை. தை பிறந்தது; சொல்லவில்லை. சித்திரை வந்தது; சொல்லவில்லை. ஏன்? "ஏமாளின்னு சிரிப்பாங்க சாமி." அவ்வளவுதான் காரணம். ஆடி மாதத்திலே குழாயடியில் ஒரு பெண்மணி அழுததைக் கண்டு விசாரித்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. அந்த ஒரு தெருவிலே பதினான்கு பெண்கள்! பதினான்கு பேரிடமும் அவர் சொன்னது அதே வாசகம்: உங்களுக்கு மட்டும்தான். பதினான்கு பேரும் அதை நம்பியது பேதைமையால் அன்று. வெட்கத்தால் வாய் மூடியிருந்ததால், நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. ஒரே ஒருத்தி கார்த்திகையிலே வாய் திறந்திருந்தால், அவர் வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே பிடித்திருக்கலாம். எட்டு மாதம் அவருக்குக் கிடைத்தது. அந்த எட்டு மாதத்தை அவருக்கு வழங்கியது எது? நீங்களும் நானும் சிரித்துக்கொண்டே பயன்படுத்தும் அந்தச் சொல், தோழர்களே – ஏமாளி!

காவல் நிலையத்துக்கு மனு எழுத என்னை அழைத்தார்கள். "சீட்டுக் கட்டி ஏமாந்துவிட்டோம்" என்று எழுதத் தொடங்கியிருந்தார் ஒருவர். அடித்துவிட்டு, "இன்னார் எங்களை ஏமாற்றினார்" என்று எழுதினேன். பிறவினை! பதினான்கு கையெழுத்து, அவற்றுள் மூன்று கைந்நாட்டு. பணம் இன்னும் வரவில்லை. அந்த மனுவைப் படித்துக் காட்டியபோது பெரியம்மா முதன்முறையாகத் தலை நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பதை மட்டும் கண்டேன்.

"பேராசை பெருநட்டம்! ஆசைப்பட்டான், அனுபவிக்கிறான்" – இப்படிச் சொல்வோர் நம்மிடையே ஏராளம். 2012-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? கொங்கு நாட்டிலே, பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்டும் சுற்றுவட்டாரங்களிலும் ஈமுப் பண்ணை நிறுவனங்கள் முளைத்தன. ஆஸ்திரேலியப் பறவை, ஆளுயரப் பறவை, எண்ணெய்க்கும் விலை, இறைச்சிக்கும் விலை, முட்டைக்கும் விலை என்று விளம்பரம். இலட்சக்கணக்கிலே பணம் கட்டு, குஞ்சுகளும் தீனியும் நாங்கள் தருகிறோம், வளர்த்துக் கொடு, மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் பணம் – இதுதான் ஒப்பந்தம். 2012 ஆகஸ்டிலே அந்தக் கோபுரம் சரிந்தது. முதலாளிகள் மறைந்தனர், முதலீட்டாளர்கள் காவல் நிலைய வாயிலிலே வரிசை நின்றனர், தீனியின்றித் தவித்த பறவைகளுக்கு அரசே உணவிட வேண்டியதாயிற்று. முதலீட்டாளர் நலன் காக்க 1997-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தின்கீழ் வழக்குகள் நடந்தன; தண்டனைகளும் வந்தன. அதற்குள் தேநீர்க் கடைகளிலே ஈமு என்ற சொல்லே ஒரு நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்? ஓடியவனைப் பார்த்தா? இல்லை! தோட்டத்தை அடகு வைத்துக் கொட்டகை போட்ட உழவனைப் பார்த்து!

அந்த உழவன் சிந்திக்கவில்லை என்று யார் சொன்னது? அவன் என்ன செய்தான் என்று பாருங்கள். பக்கத்து ஊர்க்காரன் சேர்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டான். உடனே நம்பவில்லை, நேரிலே சென்றான். பறவையைக் கண்ணால் கண்டான். மாதத் தொகை வந்ததற்கு வங்கிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தான். ஆறு மாதம் பொறுத்து, தொடர்ந்து வருகிறதா என்றும் கவனித்தான். காணல், கேட்டல், ஒப்பிடல் – மேடையிலே நாம் அறிவுறுத்தும் அத்தனையும் செய்தான்! ஆனால் அவன் கண்ட சான்று அவன் காண்பதற்காகவே செய்யப்பட்டது. முன்னே வந்தவனுக்குக் கொடுத்த பணம், பின்னே வந்தவனிடம் வாங்கிய பணம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே 1920-இல் சார்லஸ் பொன்சி என்பவன் செய்ததும் இதுவே. நாற்பத்தைந்து நாளிலே ஐம்பது விழுக்காடு வட்டி என்றான், தொடக்கத்திலே தவறாமல் கொடுத்தான், ஆகஸ்டிலே கைதானான். அவர்கள் அந்த வகை மோசடிக்கு அவன் பெயரையே சூட்டிவிட்டார்கள். அதற்கும் முன்னே, 1849-இல் நியூயார்க்கிலே வில்லியம் தாம்சன் என்று ஒருவன். நன்றாக உடுத்திக்கொண்டு வழிப்போக்கரிடம் பேச்சுக் கொடுப்பான், என்மீது நம்பிக்கை உண்டா, உண்டென்றால் நாளைவரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் கொடுத்து வைப்பீர்களா என்று கேட்பான், வாங்கிக்கொண்டு போய்விடுவான். "நம்பிக்கை மனிதன்" என்று அவனுக்கு ஏட்டிலே பெயர் வந்தது. அதிலிருந்தே ஆங்கிலத்திலே எத்தனுக்கு ஒரு சொல் பிறந்தது. அங்கும் ஏமாந்தவனை எள்ளும் சொற்கள் இல்லாமலில்லை. ஆயினும் பொன்சியின் பெயர் நூறாண்டு கடந்தும் குற்றத்தின் பெயராக நிற்கிறது. ஈமு வழக்கிலே நம் ஊர்ப் பேச்சிலே நின்றது என்ன? பறவையின் பெயர்!

ஆசைப்பட்டான் என்பதைக்கூட ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஜவ்வரிசி வாங்கியவள் எதற்கு ஆசைப்பட்டாள்? சேலமும் நாமக்கல்லும் ஜவ்வரிசிக்குப் பெயர்போன மாவட்டங்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவைப் படியவைத்து, திரட்டி, வறுத்து, உலர்த்தி உலகுக்கு அனுப்பும் பூமி. 1981 முதல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமும் இங்கே இயங்குகிறது. நேர்மையான ஆலைகள் பல. அவற்றின் நடுவே, மக்காச்சோள மாவைக் கலந்தும், வெண்மைக்காக வேதிப்பொருளைக் கொட்டியும் சரக்கு செய்வோர்மீது உணவுப் பாதுகாப்புத் துறையினர் நடவடிக்கை எடுத்த செய்திகளும் இங்கிருந்தே வந்திருக்கின்றன. இயற்கையான ஜவ்வரிசி சற்று மங்கல். ஆனால் வாங்குகிறவள் வெள்ளை வெளேரென்று இருப்பதையே தூய்மை என்று கருதுகிறாள். காய்ச்சல் கண்ட குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச வந்தவள், அழுக்கு இருக்கிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறாள். அவள் கவனமே அவளுக்கு எதிராகத் திருப்பப்பட்டது! அங்கே எவனும் வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். நிறம் பொய் சொன்னது. பொய்யும் ஏமாற்றும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பொய்யே பேசாமல் ஏமாற்றலாம். ஏமாற்றும் எண்ணமே இல்லாமல், குழந்தைக்கு நிலாவிலே பாட்டி இருப்பதாகக் கதையும் சொல்லலாம். கொலைகாரன் கதவைத் தட்டி, ஒளிந்திருப்பவன் எங்கே என்று கேட்டாலும் பொய்யுரைத்தல் கூடாது என்று 1797-இல் எழுதினார் இம்மானுவேல் காண்ட். வள்ளுவரோ, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்திலே வைத்து எண்ணத்தக்கது என்றார். நான் வள்ளுவர் பக்கம். சொல் உண்மையா என்பதோடு நிற்காமல், அதனால் யாருக்கு என்ன விளைந்தது என்று கேட்டவர் அவர்.

அந்த வள்ளுவரிடம் சிரிப்பைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தின் முதற் குறளை எடுத்துப் பாருங்கள். துறவி வேடத்திலே வஞ்சகம் செய்பவனைப் பார்த்து, அவன் உடம்பிலே கலந்து நிற்கும் ஐந்து பூதங்களும் தமக்குள்ளே சிரிக்குமாம்! ஊரார் அறியவில்லை, அரசன் அறியவில்லை, ஆனால் அவனுடைய சொந்த உடம்பே அவனை எள்ளி நகைக்கிறது. ஏமாந்த ஊராரைப் பார்த்து அந்தக் குறளிலே யாரும் சிரிக்கவில்லை. நாம் எப்போது, எந்த வளைவிலே, அந்தச் சிரிப்பைத் திசை திருப்பி எளியவன் முகத்திலே அறையத் தொடங்கினோம்?

ஏமாறு என்னும் சொல்லிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருப்பதாக நான் கருதுகிறேன். வேர்ச்சொல் ஆய்ந்த பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தார். அந்த ஊரிலே இருந்துகொண்டு ஒரு சொல்லின் வேரைத் தோண்டிப் பார்க்காமல் விடுவது முறையா? ஏமம் என்றால் காவல். ஏமாப்பு என்றால் அரண். கல்வி ஒருவனுக்கு ஏமாப்பாகும் என்பது குறளின் கருத்து. ஏமாறுதலில் அந்த ஏமம் விலகி நிற்பதையே நான் கேட்கிறேன். அப்படியானால் ஏமாந்தவன் அறிவிலி அல்லன். காவல் இல்லாமல் நின்றவன். காவல் இல்லாமல் நின்றவனைக் கண்டால் நாம் கேட்க வேண்டியது, காவல் காக்க வேண்டியவர் எங்கே போனார் என்பதுதானே? சட்டம்கூட இந்த வகையிலே நம்மைவிட மேல். வஞ்சித்தலுக்கு 415-ஆம் பிரிவு தந்த விளக்கத்திலே, நேர்மையற்ற எண்ணத்தோடு தூண்டியவன் யார், எதைத் தூண்டினான் என்பதே பேச்சு. வஞ்சிக்கப்பட்டவன் கெட்டிக்காரனா, மட்டியா என்று அது அளந்து பார்க்கவில்லை.

இனி, நமக்கு நாமே கசப்பாக ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். நம் மேடைகளிலே என்ன பேசுகிறோம்? சோதிடனிடம் பணம் கொடுத்தவனை, தாயத்துக் கட்டியவளை, சாமியார் காலிலே விழுந்த கூட்டத்தை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? முட்டாள்கள்! மடையர்கள்! ஏமாளிகள்! கைதட்டல் கிடைக்கிறது. யார் கைதட்டுகிறார்கள்? ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்கள். தாயத்துக் கட்டியவள் அந்தக் கூட்டத்தின் ஓரத்திலே குழந்தையை இடுப்பிலே வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கும் ஐயம் இருக்கிறது. தாயத்துக் கட்டிய பிறகும் காய்ச்சல் போகவில்லை. ஆனால் நம் பேச்சைக் கேட்டபின் அவள் வாய் திறப்பாளா? "ஐநூறு ரூபாய் கொடுத்தேன், என்னை ஏமாற்றிவிட்டான்" என்று சொல்வாளா? சொன்னால் முட்டாள் பட்டியலிலே தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டவளாவாள். ஆகவே தாயத்தைச் சேலைத் தலைப்பிலே மறைத்துக்கொண்டு போகிறாள். தீபாவளிச் சீட்டுக்காரருக்கு எட்டு மாதம் வழங்கினோமே – மந்திரவாதிக்கு இப்படி எத்தனை ஆண்டு வழங்குகிறோம்!

தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அப்படியானால் ஆராயாமல் நம்புவது குற்றமே இல்லையா?" நேர்மையான கேள்வி. எடுத்துக் காட்டிய பின்னும் கண்ணை மூடிக்கொள்பவன்மீது எனக்கும் சினம் உண்டு. அவனைக் காட்டிலும், தான் ஏமாந்ததை மறைத்து அடுத்தவனையும் அதே வலைக்குள் அழைத்துவரும் ஆள் பிடிப்பவன்மீது மிகுந்த சினம் உண்டு. அவன் அப்போது ஏமாந்தவன் அல்லன், ஏமாற்றுபவன். ஆனால் ஆராய்ச்சிக்கும் ஓர் எல்லை இருக்கிறதே! காலையிலே விழுங்கும் மாத்திரையை நான் சோதித்தேனா? நியாயவிலைக் கடைத் தராசை நிறுத்துப் பார்த்தேனா? பேருந்து ஓட்டுநரின் உரிமத்தைக் கேட்டேனா? நம்பித்தான் ஏறினேன். எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் சோதித்தே வாழ்வது என்றால், பொழுது விடிவதற்குள் வாழ்வு நின்றுவிடும். நம்பிக்கை என்பது மூடத்தனத்தின் மறுபெயர் அன்று. பலர் சேர்ந்து வாழ்வதற்கு நாம் ஒருவருக்கொருவர் கொடுத்து வைத்திருக்கும் கடன். அந்தக் கடனைத் திருடியவனை விட்டுவிட்டு, கொடுத்தவனைப் பார்த்து, ஏன் கொடுத்தாய் என்கிறோம். தோழர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "மேடையிலே அப்படிச் சொன்னால்தான் உறைக்கும் என்று நினைத்தேன்" என்றார். உறைத்தது உண்மை. யாருக்கு என்பதுதான் வழக்கு.

அன்று வகுப்பிலே தன்வினையோடு நான் நிறுத்தவில்லை. ஏமாற்றியவனைப் பார்த்துச் சிரிக்கும் வழக்குச் சொல் ஒன்றேனும் வீட்டிலே கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் வந்தவை மிகச் சில. குட்டு வெளிப்பட்டது என்றான் ஒருவன். முகமூடி கிழிந்தது என்றாள் ஒருத்தி. முன் வரிசையிலே ஒரு மாணவி, சாயம் வெளுத்துப் போச்சு என்றாள். அவள் தந்தை சாயப்பட்டறைத் தொழிலாளி. நூலைச் சாயநீரிலே போட்ட அனுபவம் அவளுக்கும் உண்டு. கை விரல் ஓரங்களிலே இன்னும் நீலம்.

சாயம் நிற்குமா, வெளுக்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவளைக் கேட்டேன். துணியின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியின்மேல் வைத்து அழுத்த வேண்டும். கறை ஏறினால் சாயம் நிற்கவில்லை என்று பொருள் என்றாள். அப்படியானால் வாங்குகிறவர்கள் எல்லாரும் பார்த்து வாங்கலாமே என்றேன்.

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. "கடையில வச்சிருக்கிற சேலையை யாரு சார் நனைக்க விடுவாங்க?" என்றாள் அவள். "அதை எங்கப்பாதான் பட்டறையிலேயே பார்த்து அனுப்பணும்."